சிஸ்டர் இல்லாத நேரத்தில்

2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைக் கருணைக் கொலை பற்றிய தீர்ப்பாகவே நாடு பேசியது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அப்படித்தான் பாடம் நடக்கிறது. ஆனால் அந்த நீண்ட தீர்ப்புக்குள் ஒரு விவரம் இருக்கிறது. வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்கூட அதைச் சட்டென்று கடந்துபோக முடியாது. 37 ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்ணின் உடம்பில் ஒரே ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். நாம் தூக்கத்தில் நமக்கே தெரியாமல் புரண்டு படுக்கிறோம். அது முடியாதவர்களுக்கு, இடுப்புக்குக் கீழே, குதிகாலில், தோள்பட்டையில் என்று எலும்பு துருத்தும் இடங்களில் உடம்பின் எடை முழுவதும் இறங்கி நிற்கும். அழுத்தத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். ரத்தம் போகாத சதை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். முதலில் தோல் சிவக்கும், பிறகு உரியும், அப்புறம் குழி விழும். வியர்வையும் சிறுநீரின் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சாப்பாட்டில் புரதம் குறைந்தால் புண் ஆறவே ஆறாது. வீட்டில் பக்கவாதம் வந்த அப்பாவையோ பாட்டியையோ பார்த்துக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எவ்வளவு அன்பாகப் பார்த்தாலும் மூன்றாவது வாரத்தில் முதுகில் ஒரு சிவப்புத் திட்டு தெரியும்போது வயிறு கலங்கும்.

இதைத் தடுக்கும் வழி பழையது, எளியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துடைக்க வேண்டும், உலர்த்த வேண்டும், விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 4,380 முறை. 37 ஆண்டுகளுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். தீபாவளி அன்றும், பந்த் அன்றும், மும்பையில் மழை கொட்டி ரயில் நின்ற அன்றும் யாரோ ஒருவர் அந்த அறைக்குள் போயிருக்கிறார்.

அந்தப் பெண் அருணா ஷான்பாக். கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து மும்பைக்கு வந்து, பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தவர். 1973 நவம்பர் 27 மாலை, வேலை முடிந்து மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றப் போனார். அங்கே துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி, வன்கொடுமை செய்துவிட்டுப் போனான். மூளைக்கு ரத்தம் போவது நின்றது. மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 25. அதே மருத்துவமனையில் இருந்த ஒரு மருத்துவரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. குற்றவாளிக்குக் கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் ஏழு ஆண்டுச் சிறை. பாலியல் குற்றத்துக்கு வழக்கே போடவில்லை. அவன் தண்டனை முடிந்து வெளியே போனான். அருணா அதே மருத்துவமனையின் நான்காம் வார்டில், ஒரு பக்க அறையில், 2015 மே 18 வரை இருந்தார்.

பார்வை போய்விட்டது. பேச்சு இல்லை. கை கால்கள் மடங்கி இறுகிவிட்டன. ஆனால் பல ஆண்டுகள் வாய்வழியாகவே சாப்பிட்டார். மசித்த உணவை ஸ்பூனில் ஊட்டினார்கள். மீனும் கோழி சூப்பும் பிடிக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். 2010 செப்டம்பரில் மலேரியா வந்த பிறகுதான் மூக்குக் குழாய். ‘கோமாவில் கிடந்தவர்’ என்று செய்தித்தாள்கள் ஒற்றைச் சொல்லில் முடித்த ஒருவருக்கு மீன் பிடிக்கும் என்பதைக் கவனிக்க, எத்தனை வேளை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டியிருக்க வேண்டும்!

சாதாரணமாக இங்கே ‘தியாகம்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அது போதாது. தியாகம் ஒரு மனிதரின் குணம். அருணாவைப் பார்த்துக்கொண்டது ஒரு மனிதர் அல்ல. 1973இல் அவரோடு வேலை பார்த்த செவிலியர்கள் எல்லோரும் 2015க்கு முன்பே ஓய்வு பெற்றிருப்பார்கள். கடைசி ஆண்டுகளில் அவரைப் புரட்டிப் படுக்க வைத்த பெண்களில் பலர், அவர் தாக்கப்பட்ட நாளில் பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர் நடந்து பார்த்தவர்கள் இல்லை, குரல் கேட்டவர்கள் இல்லை. ஆனாலும் புண் வரவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டார். நாற்பது ஆண்டுகள் ஒரு பழக்கம் கையிலிருந்து கைக்குப் போனது. புதிதாக வந்த மாணவிகளை அந்த அறைக்கு அழைத்துப் போய், இவர் நம்மில் ஒருவர் என்று மூத்தவர்கள் காட்டிக்கொடுத்தார்கள்.

செவிலியர் தலைமை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதைச் சரியாகப் பெயர் சொல்லி எழுதிவைத்தவர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கோடு இரவில் நடந்துபோகும் அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, 1859இல் அவர் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்ஸிங்’ புத்தகத்தைப் படிக்க வேண்டும். சின்னப் புத்தகம். காற்றோட்டம், வீட்டின் சுகாதாரம் என்று இரண்டு அத்தியாயங்கள் முடிந்ததும் மூன்றாவதாக வருவது சில்லறை நிர்வாகம் பற்றிய அத்தியாயம். நல்ல பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே ஒரு குறை பாழாக்கிவிடும் என்கிறார். நீ இருக்கும்போது நடப்பது, நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாத குறை. பொறுப்பில் இருப்பது என்றால் நாமே ஓடி ஓடிச் செய்வதல்ல, ஒவ்வொருவரும் செய்யும்படி பார்த்துக்கொள்வது என்று நேராகச் சொல்கிறார்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு இடம் உண்டு. சிலருக்குத் தாம் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது என்பதில் ஒரு பெருமை. அலமாரி எங்கே, கணக்கு எங்கே, எந்தச் சாவி எதற்கு என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். அதில் என்ன பெருமை இருக்கிறது என்று கேட்கிறார் நைட்டிங்கேல். யார் வந்தாலும் புரிந்துகொண்டு தொடரும்படி எல்லாம் ஒழுங்காக இருப்பதுதானே பெருமை! நம் அலுவலகங்களில், பள்ளிகளில், ஏன் பல வீட்டுச் சமையலறைகளிலும் இந்த முதல் வகைப் பெருமைதான் கொடிகட்டிப் பறக்கிறது. ‘அவர் லீவு, நாளைக்கு வாங்க’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பாதவர் நம்மில் யார்? அலுவலகத்தில் அதனால் ஒரு சான்றிதழ் ஒரு நாள் தள்ளிப்போகும். வார்டில் அப்படி ஒரு நாள் தள்ளிப்போட முடியாது.

படுக்கைப் புண் பற்றியும் அவர் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நோயாளிக்குப் புண் வந்தால் குற்றம் பெரும்பாலும் நோயுடையது அல்ல, பராமரிப்புடையது என்று. கடுமையான வாக்கியம்தான். இன்றைய மருத்துவம் அதை அப்படியே ஏற்காது. மிக நலிந்தவர்களுக்கு எவ்வளவு பார்த்தாலும் புண் வருவதுண்டு. ஆனால் அந்தக் கடுமையை அவர் முதலில் தன் மீதே காட்டிக்கொண்டவர்.

1854 நவம்பரில் 38 பெண்களோடு அவர் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனையில் போய் இறங்கினார். கிரீமியப் போர்க்காலம். அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, ஏறியது. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைக் கழுவி, காற்றோட்டம் செய்த பிறகுதான் சாவு மளமளவென்று இறங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு உட்கார்ந்து எண்களைப் பிரித்துப் பார்த்தார். காயத்தால் செத்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய தொற்று நோயால் செத்தவர்கள் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் அந்தக் கணக்கை மறைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதை வட்டப் படமாக வரைந்து, அமைச்சர்களின் மேசையில் வைத்தார்.

பிறகு வந்ததுதான் அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி. 1857இல் உடல்நலம் உடைந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அவர் பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். 1910இல், 90 வயதில் இறந்தார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கியது. அங்கே அவர் போய் நின்று நிர்வாகம் செய்ததில்லை. 1872 முதல் பயிற்சி மாணவிகளுக்கு அவர் எழுதிய உரைகளை இன்னொருவர்தான் வாசித்துக் காட்டினார். தினம் தினம் கற்றுக்கொள்ளாத செவிலியர் நின்ற இடத்தில் நிற்கவில்லை, பின்னால் போகிறார் என்பது அந்த உரைகளில் அவர் வற்புறுத்திய விஷயம். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் செத்துக்கொண்டிருந்ததை 1863ஆம் ஆண்டு அறிக்கை வெளியே கொண்டுவந்தபோது, அதற்குப் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பங்கு அவருடையது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இந்தியாவின் குடிநீர், சாக்கடை, பஞ்சம் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். ‘நீ இல்லாதபோதும் நடக்க வேண்டும்’ என்று 1859இல் எழுதியவருக்கு, மீதி ஆயுள் முழுக்க அதையே வாழ்ந்து காட்ட வேண்டியதாயிற்று.

சரி, இந்தப் பெரிய விஷயம் அன்றாடத்தில் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டில் எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் டூட்டி மாறும் நேரத்தில் போய் நின்றால் பார்க்கலாம். இரவு டூட்டி முடிந்தவர் ஓவர் கொடுப்பார், காலை வந்தவர் ஓவர் எடுப்பார். கட்டில் கட்டிலாக நடப்பார்கள். மூன்றாம் நம்பருக்கு டிரிப்ஸ் இன்னும் எவ்வளவு பாக்கி, ஏழாம் நம்பர் ராத்திரி முழுக்க எவ்வளவு சிறுநீர் போனார், பதினொன்றுக்கு எந்த ஊசி அலர்ஜி, எட்டாம் நம்பர் அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, கடைசிக் கட்டில்காரரின் மகன் கோபத்தில் இருக்கிறார், பார்த்துப் பேசுங்கள். பிறகு அவசர மருந்து டிராலியைத் திறந்து ஆம்பூல்களை எண்ணுவார்கள். ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். போதை மருந்து அலமாரியின் சாவி கைமாறும்.

ராத்திரி முழுக்க நின்ற காலோடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில், இந்தப் பதினைந்து இருபது நிமிடத்தைக் குறைக்காமல் கொடுப்பதற்கு ஒரு மன உறுதி வேண்டும். நல்ல இன்சார்ஜ் சிஸ்டர் யார் என்று இங்கேதான் தெரியும். அவர் சத்தம் போட மாட்டார். ‘அந்தச் சிலிண்டரைத் திறந்து பார்த்தியாம்மா, இல்லே எழுதி மட்டும் வெச்சியா?’ என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைத் தினமும் கேட்பதற்குப் பெயர்தான் விடாமுயற்சி.

இப்படிப் பழகிய கைகள் ஆபத்தில் என்ன செய்யும் என்பதற்கும் மும்பையே சாட்சி. 2008 நவம்பர் 26 இரவு, மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகளில் அஜ்மல் கசாபும் அவன் கூட்டாளியும் காமா மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களின் வார்டில் நைட் டூட்டியில் இருந்தவர் அஞ்சலி குல்தே. வாசலில் காவலாளிகள் சுடப்படுவதைப் பார்த்தார். வார்டின் கனமான கதவுகளை மூடினார். விளக்குகளை அணைத்தார். 20 கர்ப்பிணிகளையும் அந்தத் தளத்தின் கோடியில் இருந்த சிறிய சமையல் அறைக்கு நகர்த்தினார். பயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, சுவரை ஒட்டியே அவரை நடத்திப் பிரசவ அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். குழந்தை பிறந்தது. பிறகு நீதிமன்றத்தில் கசாபை அடையாளம் காட்டினார். 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் முன் காணொளி வழியாக அந்த இரவைப் பற்றிப் பேசினார்.

வீரம் என்று பாராட்டினோம், சரிதான். கூடவே இதையும் பார்க்க வேண்டும். எந்த அறைக்கு எந்தக் கதவு, எந்தப் பெண்ணால் நடக்க முடியும், யாருக்கு ரத்த அழுத்தம், பிரசவ அறைக்கு எந்தப் பக்கம் போனால் மறைவு என்பதெல்லாம் அந்த இரவில் யோசித்துக் கண்டுபிடித்தவை அல்ல. தினமும் நடந்து நடந்து காலுக்கே தெரிந்திருந்தவை.

அருணாவின் கதைக்குத் திரும்பினால், அங்கே ஒரு கடினமான கேள்வி நிற்கிறது. அதைத் தாண்டிக் குதித்துப் போவது நேர்மை ஆகாது. பத்திரிகையாளர் பிங்கி விரானி 1998இல் அருணாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், உணவு ஊட்டுவதை நிறுத்தி அருணாவை நிம்மதியாக இறக்க விட வேண்டும் என்று கேட்டார். இப்படி ஒரு நிலையில் ஓர் உயிரைப் பிடித்து வைப்பது கருணையா என்ற அவர் கேள்வி நியாயமான கேள்வி. அதுவும் அன்பிலிருந்து வந்ததுதான். கே.இ.எம். செவிலியர்கள் அதை எதிர்த்தார்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்றார்கள்.

நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் விரானியின் மனுவை ஏற்கவில்லை. செயலற்ற கருணைக் கொலைக்கு, உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு, சட்டத்தில் ஒரு வாசலைத் திறந்தார்கள். ஆனால் அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற இடத்தில் அவர்கள் சொன்னதுதான் முக்கியம். புத்தகம் எழுதியவருக்கு அக்கறை இருக்கிறது, ஆனால் அருணாவுக்காகப் பேசும் இடம் இத்தனை ஆண்டுகள் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவமனைப் பணியாளர்களுக்கே என்றார்கள். ஸ்பூனில் ஊட்டியதாலும், துடைத்துவிட்டதாலும், விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டதாலும் வந்த உரிமை அது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. தீர்ப்பு வந்த அன்று அந்த மருத்துவமனையின் செவிலியர்கள் கொண்டாடினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான்காம் வார்டுச் செவிலியர்களால் நாற்பது ஆண்டுச் சங்கிலியைக் காக்க முடிந்ததற்கு மனம் மட்டும் காரணம் அல்ல. அது மாநகராட்சி மருத்துவமனை. செவிலியர்கள் ஒன்றாகத் திரண்டு நிற்கக்கூடிய இடம். 1980களில் அந்தக் கட்டிலைக் காலி செய்ய, அருணாவை வேறு இடத்துக்கு மாற்ற மாநகராட்சி இரண்டு முறை முயன்றது. செவிலியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மாநகராட்சி பின்வாங்கியது. அடுத்த ஆண்டு இந்த வேலையில் இருப்போமா என்று தெரியாதவரிடம் இந்தத் துணிவை எதிர்பார்க்க முடியுமா?

தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்குத் தொகுப்பூதியமாக மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். கேட்டது பணி நிரந்தரமும் காலமுறை ஊதியமும். நிரந்தரமான ஆட்கள் இருந்தால்தான் மூத்தவர், இளையவர் என்று ஒரு வரிசை உண்டாகும். எட்டாம் நம்பர் கட்டிலின் கதையை அடுத்தவருக்குச் சொல்லித் தர ஆள் இருக்கும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871இல். இந்தியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. அவ்வளவு நீண்ட மரபு உள்ள ஊரில், ஒப்பந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே டூட்டி பார்க்கும் நிலையில் செவிலியர்களை வைத்திருப்பது வருத்தமான விஷயம். அவர்களிடம் பொறுமையைப் பற்றியும் தலைமைப் பண்பைப் பற்றியும் பயிலரங்கு நடத்துபவர்கள் முதலில் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அருணா தாக்கப்பட்டதும் 1973இல் மும்பைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்கு நல்ல சிகிச்சையும், தங்களுக்குப் பாதுகாப்பான வேலைச் சூழலும் கேட்டார்கள். ஒரு செவிலியர் உடை மாற்ற அடித்தளத்துக்குப் போக வேண்டியிருந்ததுதானே எல்லாவற்றுக்கும் தொடக்கம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், இரவுப் பணியின் நடுவே ஓய்வெடுக்கப் போன இளம் மருத்துவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கை எடுத்து விசாரித்த உச்ச நீதிமன்றம் தன் உத்தரவில் அருணா ஷான்பாக்கின் பெயரைக் குறிப்பிட்டது. இரவுப் பணியில் இருப்பவர்களுக்குப் போதிய ஓய்வறை இல்லை, கழிப்பறை இல்லை என்று பட்டியலிட்டு, ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு அடுத்த முறை போகும்போது, நைட் டூட்டி சிஸ்டர்கள் உடை மாற்றும் அறை எங்கே இருக்கிறது, அதன் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.